பாதிச் சுவர்ச் சாமி

ஜனவரி 8, திங்கள்

காலையிலேயே திட்டு. கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஜம்புலிங்கம் சார், பூச்சு பூசாமல் செங்கல் அப்படியே சிவப்பாகத் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டுச் சுற்றுச்சுவர் கட்டுகிறார். கேட்டுக்கு இடதுபக்கம் முடிந்துவிட்டது, வலதுபக்கம் பாக்கி. போன வாரம் மழை, அதன்பிறகு வெயில். இடதுபக்கச் சுவர் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது.

நான் வேலை பார்க்கும் செங்கல் சேம்பருக்கே வந்துவிட்டார். "ஏம்ப்பா, நான் செங்கல் கேட்டனா, சக்கர தூவின பிஸ்கோத்து கேட்டனா?"

முதலாளி தெய்வசிகாமணி என்னைக் கைகாட்டினார். "இவருதான் சார் நம்ம இன்ஜினியரு. வெருத்தாஜலத்துல செராமிக் படிச்சவரு. இவரக் கேளுங்க."

வேலைக்குச் சேர்ந்த அன்றே இந்த மண்ணில் உப்பு இருக்கிறது, வெள்ளை பூக்கும் என்று சொன்னேன். அப்போது நான் சின்னப் பையன். இப்போது இன்ஜினியர்.

ஜம்புலிங்கம் சார் போனதும் முதலாளி சொன்னார்: "தம்பி, வலதுபக்கத்துக்குப் போற கல்லு மட்டும் வெள்ள பூத்துதுன்னு வெச்சிக்க, கல்லுக்கு முன்னாடி நீ கெளம்பிடு."

ஜனவரி 9, செவ்வாய்

முதலாளிக்கு விளக்கினேன். மண்ணில் இருப்பது சல்பேட் உப்பு. சூளையில் சுட்டாலும் போகாது. கல் நனைந்தால் கரையும்; காயும்போது தண்ணீரோடு மேலே வரும்; தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு உட்கார்ந்துவிடும். இதற்கு மருந்து பேரியம் கார்பனேட். மண் பிசையும்போதே கலந்துவிட வேண்டும். பேரியம் சல்பேட்டைக் கண்டால் விடாது. பிடித்துக்கொண்டு பேரியம் சல்பேட்டாகிவிடும். அது தண்ணீரில் கரையவே கரையாது. கரையாதது மேலே வராது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

"அப்ப உப்ப வெளிய எடுக்கப் போறதில்ல?"

"இல்ல சார். உள்ளயே கட்டிப் போட்டுடறோம்."

"அவுத்துக்கிட்டு வந்துதுன்னா?"

"வராது."

"நீ பாத்தியா?"

"புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துல எல்லாரும் நல்லவன்தான்."

கடைசியில் ஒரு மூட்டைக்குச் சம்மதித்தார். கையுறை, முகமூடி, கிடங்குக்குப் பூட்டு மூன்றும் கேட்டேன். "இது செங்க சேம்பரா, ஆப்ரேசன் தியேட்டரா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜனவரி 12, வெள்ளி

மூட்டை வந்துவிட்டது. மைதா மாதிரி, அதைவிடக் கனமாக. எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: இது விஷம், எலிமருந்தாக விற்ற சாமான், கைபட்டால் கழுவாமல் வாயில் வைக்காதீர்கள்.

பலராமண்ணன் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். இவர் முதலாளியின் மச்சான். மேனேஜர் என்று பெயர். வேலை என்னவென்று இந்த மூன்று மாதத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை.

"பேரியமா? எங்க மாமாவுக்கு வயித்துல புண்ணுன்னு ஆஸ்பத்திரில இதத்தான்டா கரைச்சிக் குடுத்துப் படம் புடிச்சாங்க. மனுசன் நல்லா கல்லு மாதிரி இருக்காரு."

"அண்ணே, அது பேரியம் சல்பேட். எதுலயும் கரையாது, போன வழியே வெளிய வந்துடும். அதனால ஒன்னும் பண்ணாது. இது கார்பனேட். வயித்துல இருக்கிற ஆசிட்ல கரைஞ்சி ரத்தத்துல கலந்துடும். பேருதான் ஒன்னு, கொணம் வேற. பட்டாசுல பச்ச கலரு வருதே, அதுவும் ஒரு பேரியந்தான். அதுக்காக அதக் குடிப்பீங்களா?"

"மாமா குடிச்சாரேடா."

லாரி நின்றுகொண்டிருந்தது. ஒரே பாடத்தை மூன்று முறை நடத்த எனக்குப் பொறுமை இல்லை. விட்டுவிட்டேன்.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்கு ஊரில். அப்பா, "மூடநம்பிக்கைக்கு நடுவுல அறிவியல் வேலை செய்யற, பெருமையா இருக்குடா இளம்பரிதி" என்றார். நான் செங்கல் சுடுகிறேன் என்று அவருக்கு நினைவூட்டினேன். அவர் கருப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படமே கிடையாது. கரும்பு நன்றாக இருந்தது.

ஜனவரி 23, செவ்வாய்

பேரியம் கலந்து மண் பிசைந்தோம். முகமூடிக்குப் பதில் துண்டு. இனி காயவேண்டும், சுடவேண்டும். மூட்டையில் பாதிக்குமேல் மிச்சம். பூட்டில்லாத கிடங்கில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சமாதானம் சொல்லலாம் என்று ஜம்புலிங்கம் சார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காந்திமதி அம்மா சுவரைச் சுரண்டிக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மூன்று பட்டை.

"வா தம்பி. ஒங்க கல்லுல தெருநீறு வருது பாத்தியா? தொடைச்சாலும் மறுபடி மறுபடி வருது."

"அது திருநீறு இல்லம்மா. உப்பு."

"தெனம் ஒரு ஸ்பூன் தண்ணில கலக்கி ஐயாவுக்குக் குடுத்தேன். ஆறு வருசமா அவருக்கு இருந்த பிரச்சன ஒரே வாரத்துல தீந்து போச்சி."

"என்ன பிரச்சன?"

உள்ளேயிருந்து ஜம்புலிங்கம் சார் குரல்: "காந்திமதி! அதையெல்லாம் சொல்லிக்கிட்டு!"

மலச்சிக்கல். இந்த மண்ணின் உப்பில் மெக்னீசியம் சல்பேட் அதிகம். மருந்துக்கடையில் அதன் பெயர் பேதி உப்பு. தீராமல் என்ன செய்யும்? இதை அப்படியே சொன்னேன், வாசலில் நின்ற நான்கு பெண்களுக்கும் கேட்கும்படி. உண்மையைச் சத்தமாகச் சொல்வதில் என்ன தவறு?

எனக்குக் கொடுக்கக் கொண்டுவந்த காப்பி அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டது.

பிப்ரவரி 14, புதன்

சுவருக்கு மாலை போட்டிருக்கிறார்கள். டவுன் பஸ் அங்கே நின்று போகிறது. கூட்டத்தில் போய் மறுபடியும் விளக்கினேன். பேரியம், சல்பேட், எல்லாம். ஒரு பெரியவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரிப்பா, உப்புன்னே வெச்சிக்குவோம். அந்த உப்ப அங்க வெச்சது யாரு?" என்றார். முட்டாள்தனம். அடுத்த பஸ் பிடித்துச் சேம்பருக்குத் திரும்பினேன்.

பிப்ரவரி 21, புதன்

சூளை பிரித்தோம். பேரியம் கலந்த கல் எப்படி வந்திருக்கிறது தெரியுமா? தட்டினால் மணி. நிறம், அறுத்த மாதுளை. ஒரு கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிற்கவைத்துக் காயவிட்டேன். நுனியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. பக்கத்தில் பழைய கல்லொன்று, நரைத்த தலையோடு.

யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் லாரி டிரைவரிடம் காட்டினேன். "கல்லுதானே?" என்றார்.

மார்ச் 6, புதன்

வலதுபக்கச் சுவர் எழும்பிவிட்டது. தண்ணீர் விட்டுவிட்டுக் காயவைத்தார்கள். சுத்தச் சிவப்பு. வெற்றி. போட்டோ எடுத்து முதலாளியிடம் ஓடினேன்.

போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாய்யா பண்ணி வெச்சிருக்க?"

"சார், வெள்ளையே இல்ல."

"அதத்தான் நானும் கேக்கறேன். ஏன் இல்ல? ஊரே சிரிக்குது. சாமி பாதிச் சுவத்தோட நின்னுடுச்சாம். வலதுபக்கக் கல்லு தீட்டுக் கல்லாம். நம்ம கல்லுல தெருநீறு வருதுன்னு மூனு கோயில் திருப்பணிக்குக் கேட்டிருந்தாங்க. இப்ப யோசிக்கிறாங்க."

"வெள்ள பூத்தா வேலைய விட்டுப் போன்னீங்களே."

"அது அப்ப. இப்ப பூக்கலன்னா போ."

தொழில்நுட்பத்தில் இதற்குத் தீர்வு கிடையாது.

மார்ச் 8, வெள்ளி

கோபம். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 14, வியாழன்

இடதுபக்கச் சுவரையும் சுரண்டித் தீர்த்துவிட்டார்கள். மழையும் இல்லை, இனி புதிதாக வர ஈரம் இல்லை. பங்குனி உத்திரத்துக்குச் சுவர்முன் பெரிய பூசையாம். முதலாளி முகம் கருத்துப் போயிருக்கிறது. அன்றைக்கு வலதுபக்கம் வெறுமனே நின்றால் மறுநாள் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கல் அறுக்கும் மிஷினில் கம்பி அறுந்து, அடியில் படுத்து மாற்றிக்கொண்டிருந்தேன். பலராமண்ணன் வந்து குனிந்தார்.

"பரிதி, அந்தப் பேரியம் தண்ணில கரையாதுன்னுதான சொன்ன?"

"கரையாது."

"ஆஸ்பத்திரில குடுக்கறதுதான?"

வாயில் ஸ்க்ரூ வைத்திருந்தேன். "ம்" என்றேன். போய்விட்டார். இந்த மனிதருக்குத் திடீரென்று வேதியியலில் ஆர்வம் வந்திருப்பது நல்ல விஷயம்.

மார்ச் 24, ஞாயிறு

கிடங்கில் பேரியம் மூட்டை இளைத்துப் போயிருக்கிறது. வாய் சரியாகக் கட்டவில்லை. எலி கடித்ததா என்று பார்த்தேன். எலி கடித்திருந்தால் பக்கத்திலேயே செத்துக் கிடக்கும். கிடக்கவில்லை. ஆட்கள் யாராவது சிந்தியிருப்பார்கள். நாளை கேட்கவேண்டும். பலராமண்ணன் இன்று ரொம்ப உற்சாகமாக இருந்தார். கைகால் முழுக்க வெள்ளை. பழனிக்குப் போய்வந்தீர்களா என்று கேட்டேன். சிரித்தார்.

மார்ச் 25, திங்கள். பங்குனி உத்திரம்

வலது உள்ளங்கையில் கொப்புளம். எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் ஊர் சொல்வதுதான் உண்மையாகிவிடும்.

காலையில் போனேன். தெரு கொள்ளாத கூட்டம். வலதுபக்கச் சுவர் வெள்ளைவெளேர் என்று நின்றது. மேலிருந்து கீழ்வரை. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம் பூசாரி பித்தளைத் தாம்பாளத்தோடு தயாராக நின்றார். பூசை முடிந்ததும் சுரண்டி, கூட்டத்துக்குக் கொடுக்க. நெற்றியில் பூச ஒரு சிட்டிகை, வாயில் போட ஒரு சிட்டிகை.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, அவமானம். என் கல் பூத்துவிட்டதே! எங்கே தப்பு? கலவை போதவில்லையா? சிமெண்டிலிருந்து வந்ததா? விரலால் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு எதிரே டீக்கடைக்கு ஓடி, ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டேன். உப்பென்றால் உடனே கரையவேண்டும். கரையவில்லை. அடியில் போய் உட்கார்ந்தது, கனமாக. சர்பத்துக்கு நறுக்கி வைத்திருந்த எலுமிச்சையை அதில் பிழிந்தேன்.

நுரைத்தது.

கார்பனேட். இளைத்த மூட்டை. வெள்ளைக் கை. மாமா.

அந்தக் கிளாஸை உடைத்துவிடச் சொல்லி அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். "யாரும் தொடாதீங்க! விஷம்! இது எலிமருந்து!"

மேளம் நின்றது. அதற்குள் பூசாரி தாம்பாளத்தில் சுரண்டி நிரப்பியிருந்தார். காந்திமதி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல உப்புன்ன. அப்பறம் பேதி மருந்துன்ன. இப்ப எலிமருந்தா? ஒனக்குச் சாமி மேல என்னதான்ப்பா கோவம்?"

"இவங்கப்பா கருப்புச் சட்டை" என்றது ஒரு குரல். எப்படித் தெரிந்தது?

"பலராமண்ணே, சொல்லுங்க! நீங்கதான பூசினீங்க?"

பலராமண்ணன் கூட்டத்தின் முன்னால் வந்தார். என்னை மன்னிக்கிற முகம். தாம்பாளத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பாருங்க. எனக்கு என்னா ஆச்சி?" பிறகு என் காதருகே மெல்ல: "ஆஸ்பத்திரி சாமான்தானடா. ஏன் கத்தற?"

"அது வேற பேரியம்!"

யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். பூசாரி தாம்பாளத்தைத் தூக்கினார். முன் வரிசையில் கைகள் நீண்டன. கைக்குழந்தையோடு ஒரு பெண், குழந்தையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

சல்பேட்டைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. சொல்லியும் பயனில்லை. இந்த ஊரில் எந்தக் குரலை எல்லோரும் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஏய்ய்ய்ய்!" என்றேன்.

சட்டையைப் பிடித்திருந்த கைகள் விட்டுவிட்டன. தலையைச் சுழற்றினேன். கால் தானாகக் குதித்தது. மேளக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் நல்ல பயிற்சி. உடனே அடி மாறியது. அந்த அடிக்கு ஆடாமலிருப்பதுதான் கஷ்டம். யாரோ என் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள்.

பூசாரி எதிரே வந்தார். "வந்திருக்கறது யாரு? சொல்லு!"

இதை நான் யோசிக்கவில்லை. "சொவத்துக்குள்ள இருக்கறவன்டா!"

"நெசமா?" கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டினார். உள்ளங்கையை விரித்தேன். வைத்துவிட்டார். எரிந்து முடியும்வரை வைத்திருந்தேன். சூளையில் வேலை செய்பவன்தான் என்றாலும் சூளையை யாரும் கையில் பிடிப்பதில்லை. நான் போட்ட சத்தத்துக்குப் பாதிக் கூட்டம் தரையில் விழுந்து கும்பிட்டது.

"உத்தரவு சொல்லுங்க சாமி" என்றார் பூசாரி. குரலே மாறிவிட்டது.

"என் வலதுபக்கத்துல பூத்தத வாயில வெக்காதே! நெத்தியில வெக்காதே! தாம்பாளத்தக் கீழ வை! கைய சோப்பு போட்டுக் கழுவு!"

"சோப்பா சாமி?"

"சோப்பு! தார்ப்பாய் விரி! ஈரத் துணியால தொடைச்சி எடு! ஒரு பொட்டு தரையில விழப்படாது! கையில ஒற போடு! மூக்கக் கட்டு!"

பூசாரி கூட்டத்துக்கு விளக்கினார்: "சாமி மேல மூச்சிக் காத்து படப்படாதாம்!"

"தொடைச்சதெல்லாம் சேம்பருக்குக் கொண்டு போ! மண்ணுல போட்டுப் பெச! நெருப்புல வை! நான் கல்லுக்குள்ளயே இருக்கணும்! வெளிய வரமாட்டேன்!"

இது வேதியியல். ஒரு வார்த்தைகூட பொய் இல்லை.

குழந்தையின் வாயை அந்தப் பெண் மூடிவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே திரும்பியதில் கால் தடுக்கியது. தடுக்கியதையும் அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியாகப் பலராமண்ணனைக் கைகாட்டினேன். "இவன் தின்னுட்டான்! இவனைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குடா!"

தூக்கினார்கள். நிஜமாகவே தோளில் வைத்து. அவர், "எனக்கு ஒன்னுமில்லய்யா, எங்க மாமா..." என்று சொல்லிக்கொண்டே போனார். பஸ் நிறுத்தம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தார்.

மார்ச் 26, செவ்வாய்

பலராமண்ணன் பிழைத்துவிட்டார். நேற்று நானும் பின்னாலேயே ஆட்டோவில் போய், ஈரச் சட்டையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக, தின்றது பேரியம் கார்பனேட் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். என்னைத்தான் முதலில் படுக்கச் சொன்னார். பிறகு எங்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, அண்ணனுக்கு டிரிப்ஸ் ஏற்றி, குடிக்க ஒரு கரைசல் கொடுத்தார். சல்பேட் போனால் பேரியத்தை வயிற்றிலேயே பிடித்துக் கரையாததாக்கிவிடும். என் செங்கல்லில் நடப்பதேதான்.

அந்தக் கரைசல் பேதி உப்பு.

இன்று போய்ப் பார்த்தேன். துவண்டு கிடந்தார். ராத்திரி முழுக்கக் கக்கூசுக்கு நடந்திருக்கிறார்.

"ஒன் வேல போயிடுமேன்னுதான்டா பூசினேன்" என்றார். "கல்லு பூக்கலன்னா ஒன்ன அனுப்பிடுவேன்னு மொதலாளி சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீ வந்தப்பறந்தான் சேம்பர்ல ஒருத்தனாவது என்ன உக்காந்து பேச விடறான்."

நான் அவரை உட்கார்ந்து பேசவிட்டதில்லை. மிஷினுக்கு அடியில் படுத்திருந்ததால் எழுந்து போகமுடியவில்லை, அவ்வளவுதான்.

"நீயுந்தான் 'ம்'ன்ன" என்றார்.

எனக்கு அப்படி நினைவில்லை. பதினான்காம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் உத்தேசமும் இல்லை. கொண்டுபோன ஆப்பிளை நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 29, வெள்ளி

நேற்றுதான் சுவரைத் துடைத்து முடித்தார்கள். உத்தரவுப்படி ரப்பர் கையுறை, மூக்குக்கட்டு, தார்ப்பாய். துடைத்ததெல்லாம் மண்ணோடு சேர்த்துப் பிசைந்தாகிவிட்டது. வலதுபக்கம் மறுபடி மாதுளைச் சிவப்பு. தீட்டுக் கல் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சாமி உள்ளே இருக்கும் கல்லாம். மூன்று கோயிலுக்கும் வலதுபக்கக் கல்தான் வேண்டுமாம்.

கிடங்குக்குப் பூட்டு வந்துவிட்டது. ஆளுக்கொரு முகமூடி. மிஷின் பக்கத்தில் சோப்பும் வாளியும். மூன்று மாதமாக நான் வாய்வலிக்கக் கேட்டவை.

"பூட்டு யாரு சார் சொன்னது?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"நீதான்ய்யா. நீயில்ல, சாமி. கடைசியா மயங்கி விழறதுக்கு முன்னால கெடங்குக்குப் பூட்டு, ஆளுங்களுக்கு மொகமூடி, ஞாயித்துக்கெழம லீவுன்னு மூனு கேட்டுச்சே."

நான் மயங்கி விழவில்லை. கால் தடுக்கியது. முதல் இரண்டும் நான் கேட்டதுதான். லீவு கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. அதுவும் நடிப்புதான் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 31, ஞாயிறு

லீவு. அப்பா போன். "ஒங்க ஊருல எவனோ செங்கல் சூளைக்காரன் சாமி ஆடினானாமே, வீடியோ வந்துதுடா. நல்லா ஏமாத்தறானுங்க." முகம் சரியாகத் தெரியவில்லையாம். தண்ணீர் ஊற்றியவர் வாழ்க.

ஏப்ரல் 4, வியாழன்

சூளைக்கு வந்த விறகு பச்சை ஈரம். இதை வைத்துச் சுட்டால் பாதிக் கல் வேகாது என்று முதலாளியிடம் சொன்னேன். பத்து நாள் காயப்போட வேண்டும். வெந்தவரை போதும் என்றார். பேரியம் போட்டதெல்லாம் வீணாகிவிடும் என்றேன். புத்தகத்தில் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். சிரித்தார்.

பலராமண்ணன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் முழுத் தெம்பு வரவில்லை. என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

முதலாளி ஒரு விறகைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீ சொல்றது இருக்கட்டும். அது என்ன சொல்லுது?" என்றார்.

"எது சார்?"

"அதான்ய்யா." என் உள்ளங்கையைப் பார்த்தார். கொப்புளம் இப்போதுதான் ஆறுகிறது.

கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். அறிவியல் முறைப்படி யோசித்துப் பார்த்தால் வழி ஒன்றுதான் இருக்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. மேளக்காரர் நம்பரைப் பலராமண்ணன் கொடுத்திருக்கிறார். கையுறையும் இருக்கிறது. கற்பூரத்துக்கு இந்தமுறை அதைப் போட்டுக்கொள்ளச் சாமி சம்மதிக்குமா என்றுதான் யோசிக்கிறேன்.